அடைக்கோழியும் அயல் குஞ்சும்

ஒரு கோழி, தான் இடாத முட்டையைப் பொரித்து, தன் இனமல்லாத குஞ்சைத் தன் குஞ்சாகவே வளர்ப்பது தமிழ்நாட்டுக் கிராமங்களில் பழைய வழக்கம். புதுக்கோட்டைச் சீமையும் இதற்கு விலக்கல்ல. வாத்து முட்டை, கின்னிக்கோழி முட்டை, வான்கோழி முட்டை என எது கைக்கு வந்தாலும், வீட்டில் அடைக்கு உட்கார்ந்திருக்கும் நாட்டுக்கோழியின் வயிற்றுக்கடியில் வைத்துவிடுவார்கள். தாயை இழந்த செம்மறிக் குட்டிக்கு வெள்ளாட்டு மடியைக் காட்டுவதும் இதே வகையைச் சேர்ந்தது. ஒரு விலங்கு வேறோர் இனத்தின் குட்டியை ஏற்றுக்கொள்வது கைபேசித் திரையில் வியப்புச் செய்தியாக ஓடுகிறது. ஆடு, மாடு, கோழி வளர்த்தே பிழைத்தவர்களுக்கு அது கைப்பழக்கமாக இருந்தது. எந்தத் தாய், எந்த நாளில், எந்த நாழிகையில் அயல் குட்டியை ஏற்கும் என்பதை அவர்கள் துல்லியமாகத் தெரிந்து வைத்திருந்தார்கள்.

அந்தச் சீமையின் ஊர்களில் ஒன்றான ஆவூர் திருச்சிராப்பள்ளிக்குத் தெற்கே, இன்றைய விராலிமலை வட்டத்தில் இருக்கிறது. புதுக்கோட்டை சமஸ்தான காலத்தில் இது குளத்தூர் தாலுகாவைச் சேர்ந்த ஊர். 1948இல் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தோடு இணைந்து திருச்சி மாவட்டத்தின் பகுதியானது. 1974 ஜனவரி 14 அன்று புதுக்கோட்டை தனி மாவட்டமாயிற்று. வெளியூர்க்காரர்கள் ஆவூரை அறிந்திருப்பது இயேசு சபையாரின் பழைய மதுரை மிஷன் வரலாற்றின் வழியாகவும், பெரியநாயகி மாதா கோயிலின் வழியாகவும்தான். ஆனால் ஊரைச் சுற்றியிருப்பது வானம் பார்த்த பூமி. ஐப்பசி, கார்த்திகையில் ஏரி, குளம் நிறைந்தால் நெல்; நிறையாவிட்டால் மேட்டு நிலத்துப் புஞ்சைப் பயிர். மழை பொய்த்த ஆண்டில் குடும்பத்தைத் தாங்கியது ஆடும் கோழியும். அவற்றிலும் கோழி பெண்களின் தனிச்சொத்து. பிள்ளைக்குச் சிலேட்டு வாங்கவும், திருவிழாவுக்குத் துணி எடுக்கவும், மருத்துவச் செலவுக்கும் கோழிதான் விற்கப்பட்டது. ஒரு குஞ்சு வீணாகாமல் பொரித்து எடுப்பதில் இத்தனை நுணுக்கம் வளர்ந்ததற்கு இந்தத் தேவையே காரணம்.

அயல் இனக் குட்டியைப் பேணும் தாய் என்ற எண்ணம் தமிழ் எழுத்தில் இடம்பெற்ற வரலாறு இந்த மாவட்டத்தையும் தொடுகிறது. மாணிக்கவாசகருக்கு அருள் கிடைத்த தலமாகச் சைவர்கள் போற்றும் திருப்பெருந்துறை, இன்றைய ஆவுடையார்கோயில், புதுக்கோட்டை மாவட்டத்தின் தென்கிழக்குப் பகுதியில் உள்ளது. பெரும்பாலோர் 9ஆம் நூற்றாண்டினர் என்று கருதும் அவருடைய திருவாசகத்தில் இரண்டு நிகழ்ச்சிகள் பேசப்படுகின்றன. புல்வாய் என்னும் மானின் குட்டிக்குப் புலியின் பால் கிடைக்கச் செய்தது ஒன்று. தாயற்ற பன்றிக் குருளைகளுக்கு இறைவனே பன்றியாக வந்து பால் கொடுத்தது மற்றொன்று. கதையை விரித்துச் சொல்லாமல், கேட்பவர்களுக்கு முன்பே தெரிந்த செய்தியாக அவர் சுட்டிச் செல்கிறார். ஆகவே இந்தக் கதைகள் அவர் காலத்துக்கும் முன்பே மக்களிடம் வழங்கியிருக்க வேண்டும்.

புலியும் மானும் வரும் கதை பெரும்பற்றப்புலியூர் நம்பியின் பழைய திருவிளையாடற் புராணத்தில் விரிவு பெற்றது. பின்னர் பரஞ்சோதி முனிவர் பாடிய திருவிளையாடலில் பன்றிக் கதை தனிப் படலமாகவே நின்றது. குருவிருந்துறையில் வாழ்ந்த சுகலன் என்ற உழவரின் பன்னிரண்டு பிள்ளைகள், பெற்றோர் இறந்தபின் வேடரோடு கூடித் திரிந்து, தவத்தில் இருந்த குருவை அவமதித்தனர். அவருடைய சாபத்தால் பன்றிக் குட்டிகளாகப் பிறந்தனர். பாண்டியனின் வேட்டையில் தாயும் தந்தையும் மாண்டுவிட, பசியால் கதறிய பன்னிரண்டு குட்டிகளுக்கும் சொக்கநாதர் தாய்ப்பன்றியாகி முலை கொடுத்தார். மதுரைப் புதுமண்டபத்தில், 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் எழுப்பிய தூண் வரிசையில், பன்றி முகமும் மனித உடலுமாகக் குட்டிகளை ஏந்தி நிற்கும் சிற்பம் இருக்கிறது. குட்டிகள் மார்பைப் பற்றியிருக்கும் விதத்தைப் பார்த்தால், அதைச் செதுக்கியவர் பால் குடிக்கும் பன்றிக் குட்டிகளை நேரில் பார்த்துப் பழகியவர் என்றே தோன்றும்.

ஆவூரிலிருந்து வடக்கே போனால் வரும் திருச்சி மலைக்கோட்டையில் இறைவனுக்குப் பெயரே தாயுமானவர். பிள்ளைப்பேற்று வேளையில் தன் தாய் வந்து சேர முடியாதபடி காவிரி வெள்ளம் தடுத்துவிட, தனித்துக் கிடந்த ரத்தினாவதிக்குத் தாய் வடிவில் வந்து மருத்துவம் பார்த்த கதை அது. அங்கே இனம் மாறவில்லை. ஆனால் பெறாதவர் தாயாகலாம் என்ற கருத்து ஒன்றுதான். வைகைக் கரைக்கும் காவிரிக் கரைக்கும் இடையிலுள்ள இந்த நிலப்பரப்பில் இறைவனின் கருணையைச் சொல்ல வந்தவர்கள் திரும்பத் திரும்ப மாற்றுத்தாயையே எடுத்துக்கொண்டது தற்செயலாக இருக்க முடியாது. கேட்டவர்களில் மிகப் பலர் ஆட்டுக்கும் மாட்டுக்கும் குட்டியைப் பழக்கி விட்டவர்கள். மாற்று மடி எவ்வளவு அரிது, எவ்வளவு தேவை என்பது அவர்களுக்கு விளக்காமலே புரிந்திருக்கும்.

இயற்கையில் மனிதர் கைபடாமல் ஆண்டுதோறும் நடக்கும் அயல் வளர்ப்பு ஒன்று உண்டு. குயில் கூடு கட்டுவதில்லை. காகத்தின் கூட்டில் முட்டையிடுகிறது. பங்குனி தொடங்கிக் குயிலின் கூவல் ஊரெங்கும் கேட்பதும், காகங்கள் வேம்பிலும் புளியிலும் கூடு கட்டுவதும் ஒரே பருவத்தில் நிகழ்கின்றன. ஆண் குயில் கூட்டருகே வந்து காகங்களைச் சீண்டித் துரத்த வைக்கும். அந்த இடைவெளியில் பெண் குயில் முட்டையிட்டு மறையும். குயில் முட்டை காகத்தின் முட்டையைவிடச் சிறியது. இரண்டு மூன்று நாள் முந்தியும் பொரிந்துவிடும். முந்திப் பிறந்த குஞ்சு முதல் இரையை வாங்கிக்கொள்ளும். ஐரோப்பியக் குயிலின் குஞ்சு மற்ற முட்டைகளைக் கூட்டை விட்டுத் தள்ளிவிடுவது போல நம் குயிலின் குஞ்சு பொதுவாகச் செய்வதில்லை. காகக் குஞ்சுகளோடு சேர்ந்தே வளரும். தவிட்டுக் குருவிக் கூட்டங்களில் சுடலைக் குயிலின் குஞ்சும் அக்காக்குருவியின் குஞ்சும் வளர்வது இதே முறையில்தான். காளிதாசரின் சாகுந்தலத்தில் துஷ்யந்தன் குயிலின் இந்தக் குணத்தைச் சொல்லிச் சகுந்தலையின் மீது பழி போடுகிறான். காகம் ஏமாளி என்பது அந்தப் பேச்சுக்குள் மறைந்திருக்கும் தீர்ப்பு. அது நியாயமான தீர்ப்பல்ல. கூட்டில் திறந்திருக்கும் சிவந்த வாயைக் கண்டதும் ஊட்டுவதுதான் தாய்ப்பறவையின் இயல்பு. ஒவ்வொரு வாயையும் சந்தேகித்துச் சோதிக்கும் பறவை தன் குஞ்சையே பட்டினி போட்டுவிடக்கூடும்.

கோழியை அடைவைக்கும் வழக்கம் குயில் செய்வதை மனிதர் தம் கையால் செய்வது. ஆனால் காகத்தைப் போலக் கோழி எதையும் இழப்பதில்லை. குயிலைப் போல மனிதர் முட்டையை வைத்துவிட்டு விலகிப் போவதும் இல்லை. குஞ்சு இறக்கை முளைத்துத் திரியும்வரை உடனிருந்து பார்க்க வேண்டும்.

எல்லாக் கோழியும் இதற்குத் தகுதி பெறுவதில்லை. முந்தைய ஈட்டில் குஞ்சுகளைப் பருந்துக்கும் கீரிக்கும் பறிகொடுக்காமல் காத்த கோழியாக இருக்க வேண்டும். உடல் சற்றுப் பெருத்து, காலில் அதிக முடியில்லாமல் இருந்தால் நல்லது. முட்டையிட்டு முடித்த கோழி கூட்டை விட்டு எழாமல், உடலைத் தட்டையாக்கிப் படுத்து, கை நீட்டினால் சிலிர்த்துக்கொண்டு கொத்தவரும். வழக்கமான கொக்கரிப்பு மாறி ‘கொர்… கொர்’ என்று அடித்தொண்டையில் ஒலிக்கும். கோழி அடைக்கு வந்துவிட்டதற்கு இவையே அடையாளம். அப்போது அதன் வயிற்றைத் தொட்டுப் பார்த்தால் இறகு உதிர்ந்து, தோல் வெறுமையாய், சுடச்சுட இருக்கும். அந்தத் தோலுக்கடியில் இரத்த ஓட்டம் மிகுந்து முட்டைக்கு நேரடியாகச் சூடு போகிறது.

பழைய மூங்கில் கூடையிலோ வாயுடைந்த பானையிலோ மணலைப் பரப்பி, மேலே வைக்கோலை வட்டமாக இட்டு, முட்டையை ஒற்றைப்படையாக வைப்பார்கள். கூடவே ஓர் இரும்புத் துண்டு, ஒரு கரித்துண்டு, ஒரு மிளகாய் வற்றல். இடி இடித்தால் முட்டைக்குள் கரு கலங்கிவிடும், இரும்பு அதைத் தாங்கும் என்பது நம்பிக்கை. இரும்பு காக்கும் என்பதற்கு ஆதாரமில்லை. ஆனால் மணல் சூட்டைச் சீராக வைக்கிறது, உருளும் முட்டையை நடுவில் நிறுத்துகிறது என்பது உண்மை. வெயில் முற்றிய சித்திரையிலும் வைகாசியிலும் அடைவைத்தால் கூமுட்டை பெருகும்; தை, மாசி ஏற்றது. ஏழெட்டு நாள் கழித்து, இருட்டில் விளக்கொளிக்கு எதிரே முட்டையைக் கைக்குள் பொத்திப் பிடித்துப் பார்ப்பார்கள். உள்ளே சிவந்த நரம்புகள் சிலந்தி வலையாகப் படர்ந்திருந்தால் கரு கூடியிருக்கிறது. தெளிவாக ஒளி ஊடுருவினால் கூமுட்டை. பொரியும் நாளை ஒட்டி வெதுவெதுப்பான நீரில் முட்டையை மிதக்கவிட்டு, அது தானாக ஆடுகிறதா என்று பார்ப்பதும் உண்டு.

வாத்து முட்டை வைக்கும்போது கணக்கு மாறும். கோழி முட்டை பொரிய 21 நாள்; வாத்துக்கு 28 நாள். நாட்டுக்கோழி பத்துப் பன்னிரண்டு கோழி முட்டைகளை அணைக்கும். வாத்து முட்டை பெரியது என்பதால் ஏழு அல்லது ஒன்பதுக்கு மேல் வைத்தால் ஓரத்து முட்டை குளிர்ந்துவிடும். தாய் வாத்து குளத்திலிருந்து ஈர இறகோடு வந்து படுக்கும். கோழி உலர்ந்த உடம்போடு படுக்கும். ஆகவே பாதி நாள் கடந்தபின் வெதுவெதுப்பான நீரை முட்டைகளின் மேல் கையால் தெளிப்பார்கள். ஓட்டின் உட்சவ்வு காய்ந்து இறுகினால் குஞ்சு உடைத்து வெளியேற முடியாமல் உள்ளேயே இறந்துவிடும். தெளித்த நீர் அதைத் தடுக்கிறது. இரு வகை முட்டையையும் ஒரே கோழிக்கு வைப்பதானால், வாத்து முட்டையை முதலில் வைத்து, ஏழு நாள் கழித்துக் கோழி முட்டையைச் சேர்க்க வேண்டும். அப்போதுதான் இரண்டும் ஒரே நாளில் பொரியும். இல்லாவிட்டால் முதல் குஞ்சு காய்ந்து எழுந்ததும் தாய் கூட்டை விட்டு இறங்கத் துடிக்கும், பிந்தியவை கைவிடப்படும்.

இதே கணக்கை ரோமாபுரியின் வேளாண் நூலாசிரியர் கொலுமெல்லா 1ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்திருக்கிறார். அவர் பேசியது மயில் முட்டை பற்றி. கோழியின் அடியில் ஐந்து மயில் முட்டையும் நான்கு கோழி முட்டையும் வைக்க வேண்டும். பத்தாம் நாள் கோழி முட்டைகளை எடுத்துவிட்டுப் புதியவை நான்கு வைக்க வேண்டும். முப்பதாம் நாள் எல்லாம் சேர்ந்து பொரியும் என்கிறார். அவருக்கு முன்பே, கி.மு. 4ஆம் நூற்றாண்டில், மயில் முட்டையைக் கோழிக்கு வைப்பதை அரிஸ்டாட்டில் குறித்திருக்கிறார். வாத்துக் குஞ்சுகள் கோழியின் அடியில் பொரிந்து, தண்ணீரைக் கண்டதும் வளர்ப்புத் தாயை விட்டு இறங்கிவிடுவதைச் சிசரோ சொல்கிறார். மயில் இந்தியாவிலிருந்து மத்தியதரைக் கடல் நாடுகளுக்குப் போன பறவை. அதைப் பொரிக்க உதவிய கோழியின் முன்னோரான காட்டுக்கோழியும் ஆசியக் காடுகளைச் சேர்ந்தது.

விராலிமலை மயிலுக்குப் பேர்போன மலை. முருகனுக்கு மயில் வாகனம், சேவல் கொடி. அந்த இரண்டு பறவைகளும் தாயும் பிள்ளையுமாக ஒரே பஞ்சாரத்துக்குள் சேர்வது தமிழ்நாட்டில் நடந்திருக்கிறது. கடலைக் கொல்லையிலோ வேலியோரப் புதரிலோ மயில் நான்கைந்து முட்டை இட்டிருக்கும். களை எடுக்கும்போதோ அறுவடையின்போதோ கூடு கலைந்து தாய் திரும்பாமல் போனால், முட்டையை எடுத்து வந்து கோழிக்கு வைப்பார்கள். 28 நாளில் பொரிந்த மயில் குஞ்சு கோழியின் பின்னே நடந்து, அது கீறிக் காட்டும் கரையானைப் பொறுக்கும். சில நாளிலேயே பறக்கத் தொடங்கி, மாலையில் மரக்கிளையில் ஏறிக்கொள்ளும். கோழி கீழே நின்று கூப்பிடும். 1963இல் மயில் தேசியப் பறவையானது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதை முதல் அட்டவணையில் சேர்த்தபின் முட்டையை எடுப்பதும் குஞ்சை வளர்ப்பதும் குற்றம். கைவிடப்பட்ட முட்டையைக் கண்டால் வனத்துறைக்குத் தெரிவிப்பதே முறை. கோழி பொரித்த மயில் குஞ்சுகள் வனத்துறையிடம் ஒப்படைக்கப்பட்டதாக நாளிதழ்களில் இப்போதும் அவ்வப்போது செய்தி வருகிறது.

வாத்து விஷயத்தில் கோழியின் பங்கு இன்னும் பெரிது. ஒரு தொழிலே அதன் மேல் நின்றது. அறுவடை முடிந்த வயல்களில் சிந்திய நெல்லையும் நத்தையையும் மேயவிட்டு, ஊர் ஊராக நூற்றுக்கணக்கில் வாத்துகளை ஓட்டிச் செல்லும் மேய்ப்பர்கள் காவிரிப் படுகையிலும் வடதமிழகத்திலும் இன்றும் உண்டு. அவர்கள் வளர்த்த நாட்டு வாத்துகளை நிறத்தைக் கொண்டு சன்யாசி என்றும் கீரி என்றும் பிரிப்பார்கள். இந்த வாத்துகள் முட்டை நிறைய இடும், அடைகாக்காது. தலைமுறை தலைமுறையாக அதிக முட்டை இடுவதையே தேர்ந்து வளர்த்ததில் அடைக்கு உட்காரும் குணம் மங்கிவிட்டது. கூடு என்று ஒன்றில்லாமல் இரவுக்கு இரவு இடம் மாறி, விடியலில் இட்ட முட்டையை மேய்ப்பர் பொறுக்கிவிடும் வாழ்க்கையில் அந்தக் குணம் தலைகாட்டவும் வழியில்லை. மந்தை அடுத்த ஆண்டும் இருக்க வேண்டுமானால் வேறொரு தாய் வேண்டும். குஞ்சு பொரிப்பகம் பரவும்வரை அந்தத் தாய் கிராமத்து அடைக்கோழிதான். உலகின் பிற பகுதிகளில் இதே சிக்கலுக்கு வேறு விடை கண்டார்கள்: சீனத்தில் சூடேற்றிய உமியிலும் நெல்லிலும் வாத்து முட்டையைப் புதைத்துப் பொரித்தார்கள், எகிப்தில் களிமண் சூளை கட்டினார்கள்.

பொரிந்த பின்புதான் கோழிக்கும் வாத்துக் குஞ்சுக்கும் உள்ள இடைவெளி வெளிப்படும். கோழி காலால் மண்ணைக் கீறி, ஒரு தானியத்தை அலகால் எடுத்துப் போட்டு ‘கொக் கொக்’ என்று கூப்பிடும். வாத்துக் குஞ்சு ஓடி வந்து, தானியத்தைக் கொத்தாமல், ஈரமான இடத்தில் அலகைச் செருகிச் சலசலவென்று சேற்றை அளையும். பருந்து வட்டமிடும்போது கோழி தரும் எச்சரிக்கைக் குரலுக்கு மட்டும் இரண்டு குஞ்சும் ஒன்றுபோல் பதுங்கும். முதல் முறை குளத்தங்கரைக்குப் போகும் நாளில் குஞ்சுகள் தண்ணீருக்குள் இறங்கிவிட, கோழி இறக்கையை விரித்துக் கரையில் மேலும் கீழும் ஓடும். மூன்று நான்கு முறைக்குப் பிறகு அது அமைதியாகக் கரையில் கிளறிக்கொண்டிருக்கும். குஞ்சுகள் திரும்பி வந்து அதன் அடியில் நுழையும். வளர்ப்பவர்கள் முதல் சில வாரம் குஞ்சைக் குளத்துக்கு விடமாட்டார்கள். தட்டில் ஆழமில்லாத நீர் மட்டும் வைப்பார்கள். தாய் வாத்தின் உடலிலுள்ள எண்ணெய் குஞ்சின் தூவியில் ஒட்டி நீர் ஏறாமல் காக்கும். கோழியிடம் வளரும் குஞ்சுக்கு அந்தக் காப்பு கிடைக்காது. நனைந்து, குளிரில் விறைத்துச் சாகும்.

கின்னிக்கோழி ஆப்பிரிக்காவிலிருந்தும், வான்கோழி அமெரிக்காவிலிருந்தும் வந்து இந்த வரிசையில் சேர்ந்தவை. கின்னிக்கோழி தன் குஞ்சைப் பனி படர்ந்த புல்லில் இழுத்துக்கொண்டு அலைந்து பாதியைத் தொலைத்துவிடும் என்பதால் அதன் முட்டையை நாட்டுக்கோழியிடம் கொடுப்பதே வழக்கமாயிற்று. வான்கோழி நேர்மாறு, அதுவே நல்ல அடைக்கோழி. பதினைந்துக்கு மேற்பட்ட கோழி முட்டைகளை ஒருசேர அணைத்துப் பொரிக்கும்.

பொரித்த குஞ்சை வேறு கோழியிடம் சேர்ப்பதற்கு ஓர் உபாயம் உண்டு. பகலில் விட்டால் நிறம் மாறிய குஞ்சைக் கோழி கொத்தித் துரத்தும். இரவில், விளக்கில்லாமல், தாயின் வயிற்றுக்கடியில் கையை நுழைத்து ஒவ்வொன்றாக விட்டால், விடியும்போது அவை அதன் குஞ்சுகளாகிவிடும். அதுவும் கோழிக்குத் தன் குஞ்சு பொரிந்து ஓரிரு நாளுக்குள் செய்தால்தான் உண்டு. அடை வேண்டாத கோழியை அடை தெளிய வைக்கவும் வழி வைத்திருந்தார்கள்: தண்ணீரில் முக்கி எடுப்பது, மூக்கில் இறகைச் செருகி விடுவது. இறகு செருகுவது கோழிக்கு வேதனை தருவது. கைவிட வேண்டிய பழக்கம். தண்ணீரில் முக்குவதில் உள்ள பயன், சூடேறிய வயிற்றுத் தோல் குளிர்வது.

இந்த அறிவின் உடலியல் அடிப்படை 20ஆம் நூற்றாண்டில்தான் ஆய்வகத்தில் தெளிவாயிற்று. அமெரிக்க உயிரியலாளர் ஆஸ்கார் ரிடிலும் உடன் பணியாற்றியவர்களும் 1935இல், புரோலாக்டின் என்ற இயக்குநீரைச் செலுத்தினால் கோழி அடைக்கு உட்காருவதைக் காட்டினர். அதே 1935இல் ஆஸ்திரிய ஆய்வாளர் கொன்ராட் லோரென்ஸ், வாத்துக் குஞ்சுகள் பொரிந்ததும் முதலில் காணும் அசையும் உருவத்தைத் தாயாகப் பதித்துக்கொள்வதை விரிவாக எழுதினார். கோழிக் குஞ்சிடம் இந்த இயல்பை டக்ளஸ் ஸ்பால்டிங் 1873லேயே விவரித்திருந்தார். ஆக, தாயின் பக்கம் புரோலாக்டின் ஏறியிருக்கும் சில வாரங்கள். குஞ்சின் பக்கம் பொரிந்தபின் வரும் சில மணி நேரம். இரண்டு வாசலும் ஒருசேரத் திறந்திருக்கும்போது அயல் குஞ்சு உள்ளே வந்துவிடுகிறது. இரவில் கையை நுழைத்துக் குஞ்சை விட்ட பெண்கள் இந்த வாசலைத்தான் கண்டுபிடித்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் பெயரும் எந்த நூலிலும் ஏறவில்லை என்பது இந்த வரலாற்றின் பெரிய குறை.

ஆட்டு மந்தையில் வாசல் இன்னும் குறுகியது. செம்மறி தன் குட்டியை ஈன்ற சில மணி நேரத்துக்குள் மணத்தால் அடையாளம் கொள்ளும். அதன்பின் வேற்று மணமுள்ள குட்டி மடியைத் தொட்டால் முட்டித் தள்ளும். இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்திலிருந்து கீதாரிகள் எனப்படும் ஆட்டு மேய்ப்பர்கள் செம்மறி மந்தைகளை ஓட்டிவந்து, புதுக்கோட்டை, தஞ்சை வயல்களில் உரத்துக்காகக் கிடை போடுவது நெடுநாள் வழக்கம். செம்மறிக்குப் பால் குறைவு. தாய் இறந்தாலோ, இரட்டைக் குட்டி பிறந்தாலோ, நீலநாக்கு போன்ற நோய் மந்தைக்குள் புகுந்தாலோ குட்டிக்குப் பால் தேட வேண்டும். செம்மறி மந்தைகளோடு சில வெள்ளாடுகளையும் சேர்த்து ஓட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம். வெள்ளாட்டின் தலையை ஒருவர் காலிடுக்கில் பிடித்துக்கொள்ள, மற்றவர் குட்டியை மடியில் விடுவார். தாய் முகர்ந்து பார்ப்பது குட்டியின் வாலடியை. ஆகவே அந்த வெள்ளாட்டின் பாலையே குட்டியின் முதுகிலும் வாலடியிலும் தடவுவார்கள். சில நாளில் பிடிக்காமலே நிற்கும் வெள்ளாடும் உண்டு. கடைசிவரை உதைக்கும் வெள்ளாடும் உண்டு.

மாட்டில் இனம் மாற்றிச் சேர்ப்பது அரிது. ஒரு பசுவின் கன்றை மற்றொன்றுக்குப் பழக்குவதே பெரும்பாடு. கன்று இறந்துவிட்டால் பசு பாலை அடக்கிக்கொள்ளும். இறந்த கன்றின் தோலை உரித்துக் காயவைத்து, வைக்கோல் திணித்து, அந்தத் தோல்கன்றைப் பசுவின் முன் நிறுத்துவார்கள். அதன்மேல் உப்பு நீரோ தவிடோ தடவியிருந்தால் பசு நக்கும்; நக்க நக்கப் பால் சுரக்கும். பசுவின் துயரை வைத்துப் பால் கறப்பதாக இதைக் கண்டிப்பவர்கள் உண்டு. அந்தக் கண்டனத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதே தோலைத் தாயற்ற உயிர்க்கன்றின் முதுகில் போர்த்திப் பசுவிடம் சேர்க்கும் முறையும் பல நாடுகளில் உண்டு. அங்கே இரண்டு இழப்புகள் ஒன்றையொன்று ஈடு செய்கின்றன.

மனிதர் ஏற்பாடில்லாமல் காட்டில் நிகழும் தத்தெடுப்பு மிக அரிது, ஆயுளும் குறைவு. கென்யாவின் சம்புருவில் 2002இல் ஒரு பெண் சிங்கம் ஓரிக்ஸ் மான் கன்றைத் தன்னுடன் வைத்துக் காத்தது; இரண்டு வாரமளவில் மற்றொரு சிங்கம் அதைக் கொன்றது. குஜராத்தின் கிர் காட்டில் 2018 டிசம்பரில், இரண்டு குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த பெண் சிங்கம் ஏறக்குறைய இரண்டு மாத வயதுள்ள சிறுத்தைக் குட்டியையும் சேர்த்துக்கொண்டது. பால் கொடுத்தது, இரையைப் பங்கிட்டது. சுமார் 45 நாள் கழித்து அந்தக் குட்டி பிறவிக் குடலிறக்கத்தால் இறந்தது. ஆய்வாளர்கள் இதை 2020இல் வெளியிட்டனர். சிங்கமும் சிறுத்தையும் காட்டில் பகை. ஆனால் அந்தச் சிங்கம் பால் சுரக்கும் பருவத்தில் இருந்தது. குட்டியின் அளவும் அதன் குட்டிகளுக்கு ஏறத்தாழ ஒத்திருந்தது. திருவாசகம் சுட்டும் புலியையும் மான்குட்டியையும் அறிந்த தமிழ் வாசகருக்கு இந்தச் செய்தி மிக நெருக்கமாகவே இருக்கும்.

குரங்கு நாய்க்குட்டியைத் தூக்கி வைத்திருக்கும் காட்சிகளை இவற்றோடு சேர்க்கக் கூடாது. ஈரோட்டில் ஒரு குரங்கு நாய்க்குட்டியை அணைத்துத் திரிந்த படம் உலகெங்கும் பரவி மக்களை நெகிழவைத்தது. 2021இல் மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்தில் குரங்குகள் தூக்கிச் சென்ற குட்டிகளில் பல, மரத்தின் மேலும் கூரையின் மேலும் பாலும் நீரும் கிடைக்காமல் இறந்தன. தூக்கி அணைப்பது வேறு. ஊட்டி வளர்ப்பது வேறு. குட்டியின் வயிறு நிரம்பியதா என்பதைக் கொண்டே தத்தெடுப்பை மதிப்பிட வேண்டும்.

அடைக்கோழியின் வேலை 1970களுக்குப் பிறகு படிப்படியாகக் குறைந்தது. நாமக்கல் பகுதியில் வளர்ந்த முட்டைப் பண்ணைகள் வெள்ளை லெகார்ன் வழிவந்த கோழிகளைக் கொண்டவை. அடைக்கு உட்காரும் குணம் இல்லாதவையாகவே தேர்ந்தெடுக்கப்பட்டவை. அடையில் இருக்கும் கோழி முட்டையிடாது என்பதால் பண்ணைக் கணக்கில் அந்தக் குணம் நட்டம். முட்டை மின்பொறிக்குப் போயிற்று. 1974இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஜப்பானியக் காடையும் அடைகாக்கும் குணத்தை இழந்த பறவை; பொரிப்பகத்தை நம்பியே பெருகியது. வாத்து மேய்ப்பர்களும் பொரிப்பகத்துக் குஞ்சை வாங்கும் நிலைக்கு வந்தனர்.

ஆயினும் நாட்டுக்கோழிக்கு மீண்டும் விலை ஏறியபின், சிறு வளர்ப்பாளர்கள் இரண்டையும் கலந்து செய்கிறார்கள். ஐம்பது, நூறு முட்டை கொள்ளும் சிறு பொரிப்பானில் பொரித்த குஞ்சுகளை இரவோடிரவாக அடைக்கோழியிடம் சேர்த்துவிடுகிறார்கள். பொரிப்பானால் சூடு கொடுக்க முடியும், முட்டையைத் திருப்ப முடியும். பருந்தைக் கண்டு குரல் கொடுக்கவோ கரையானைக் கீறிக் காட்டவோ முடியாது. திறந்த வெளியில் மேயும் குஞ்சுக்கு அந்தப் பாடம் தேவைப்படுவதால், விராலிமலை வட்டத்தைப் போன்ற மேய்ச்சல் காட்டுப் பகுதிகளில் அடைக்கோழிக்கு இன்னும் வேலை இருக்கிறது.